கொலுசு பதிகிறது, மோதிரம் கழலவில்லை: கிட்னிதான் காரணமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தமிழ்நாட்டில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நாளுக்குப் பதினொரு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் 52 வயதுப் பெண்மணி எழுதியிருக்கிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக பி.பி. அழுத்தம் குறையவில்லை என்று நான்கு மாதங்களுக்கு முன் அம்லோடிபின் மாத்திரையை 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.யாகக் கூட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன; கொலுசு பதிந்து தடம் விழுகிறது. காலையில் எழுந்தால் கைவிரல்கள் தடித்துப்போய், மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாரம் இரண்டு மூன்று முறை ‘செட்’ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வீக்கத்துக்கென்று அதே கடையில் லேசிக்ஸ் என்ற நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக்குவது) கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகச் சாப்பிட்டும் கால் வற்றவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. உடம்பில் நீர் சேர்கிறது என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 0.9; வெறும் வயிற்றில் சர்க்கரை 186. “கிட்னி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஆனால் இவருடைய அம்மா இப்படித்தான் கால் வீங்க ஆரம்பித்து, சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார். “எனக்கும் அதுதானா? நீர் மாத்திரையைத் தொடரலாமா? வேலையை விட்டுவிடவா?” இவை மூன்றும் அவருடைய முக்கியக் கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவை அந்த நிலையில் பார்த்த கண்ணுக்கு, தன் காலில் விழும் தடம் வெறும் தடமாகத் தெரியாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதல் சந்தேகம் உங்கள் கிட்னியின் மேல் வரவில்லை, உங்கள் மாத்திரைப் பையின் மேல்தான் வந்தது. அதற்காகக் கிட்னியைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டும். இதுவரை பார்த்தது போதாது என்பதையும் கீழே சொல்கிறேன். நேரில் காலை அழுத்திப் பார்க்காமல் எழுதும் பதில் இது; ஆகவே எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

பையைக் கொட்டிப் பாருங்கள்

அம்லோடிபின் நல்ல மாத்திரை, மலிவானது, அரசு ஆஸ்பத்திரிகளிலும் எளிதாகக் கிடைப்பது. கணுக்கால் வீக்கம் அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவு. 5 மி.கி.யில் சும்மா இருந்த கால் 10 மி.கி.யில் வீங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரை போட்ட மறுநாளே வராமல் சில வாரங்கள் கழித்து மெல்ல வருவதால், மாத்திரைக்கும் வீக்கத்துக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நீங்கள் எழுதிய தேதிகளைப் பாருங்கள்: அளவைக் கூட்டியது நான்கு மாதங்களுக்கு முன், கால் வீங்க ஆரம்பித்தது அதற்கடுத்த மாதம்.

இந்த மாத்திரை செய்வது என்னவென்றால், ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை அகலமாக்குகிறது. திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகள் அதே அளவுக்கு அகலமாவதில்லை. மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வரப்போரம் கசியுமே, அந்த மாதிரி நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் திசுவுக்குள் கசிகிறது. பதினொரு மணி நேரம் நிற்கிறவருக்கு அது கணுக்காலில்தான் போய்த் தேங்கும்.

அடுத்தது அந்த ‘செட்’ மாத்திரை. பெயர் எழுதாத சின்னக் காகித உறையில், அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, மூன்று நான்கு நிறங்களில் போட்டுக் கொடுப்பார்களே, அதைத்தானே சொல்கிறீர்கள்? அதில் ஒன்று டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கும். இந்த வகை மாத்திரைகள் உடம்பிலிருந்து உப்பு வெளியேறுவதைக் குறைக்கும். உப்பு தங்கினால் நீரும் தங்கும். கால், கை, முகம் எல்லாம் உப்பும். பி.பி.யும் ஏறும். உங்கள் பி.பி. குறையாமல் போய் மாத்திரையைக் கூட்ட வேண்டிவந்ததற்கே இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அந்த உறையில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டா என்பதுதான் என்னுடைய பெரிய கவலை. டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ கலந்து கொடுப்பது பல ஊர்களில் நடக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிடும். அதனால்தான் திரும்பவும் அதே கடைக்குப் போகிறோம். சர்க்கரை ஏறுவது, முகம் உருண்டையாவது, உடம்பு நீர் கோத்துக்கொள்வது எல்லாம் பின்னால் வரும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் 186 ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விடை அந்த உறைக்குள் இருக்கலாம். பெயர் எழுதித் தராத மாத்திரையை இனி வாங்காதீர்கள். ஒன்று கவனம்: அதைத் தினமும், வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையின் பின்புறம் ‘பயோகிளிட்டசோன்’ என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அது இருக்கும், கால் வீக்கத்தைத் தரும். பாத எரிச்சலுக்கு ‘பிரிகாபலின்’ கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே.

அம்லோடிபினை நாளை காலையே நிறுத்திவிடாதீர்கள். கால் வற்றும், ஆனால் பி.பி. எகிறும், அது பக்கவாதம் வரை கொண்டுபோகும். மருத்துவர் செய்யக்கூடியவை பல: அளவைப் பழையபடி 5 ஆக்கி, டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி வேறு வகை பி.பி. மாத்திரை ஒன்றைச் சேர்க்கலாம். அது வீக்கத்தையும் குறைக்கும், சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. அதைத் தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அல்லது அம்லோடிபின் குடும்பத்திலேயே வீக்கம் குறைவாகத் தரும் சில்னிடிபினுக்கு மாற்றலாம். மாத்திரைதான் காரணம் என்றால் மாற்றிய சில நாளில் கால் வற்றத் தொடங்கும்.

நீர் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை

அம்லோடிபின் வீக்கத்தில் உடம்பில் மொத்த நீர் கூடுவது பெரிதாக இல்லை, இருக்கிற நீர் இடம் மாறி நிற்கிறது. லேசிக்ஸ் சிறுநீரை அதிகமாக்கி ரத்தத்தில் உள்ள நீரை இறக்கும். கணுக்காலில் கசிந்து நிற்பதை அது பெரிதாகத் தொடாது. அதனால்தான் ஒரு மாதம் ஆகியும் பலனில்லை. கூடவே பொட்டாசியம், சோடியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் பக்கவிளைவுக்கு நாளை மூன்றாவது என்று இது நீளும்.

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். லேசிக்ஸால் உடம்பை வற்ற வைத்து, தண்ணீரையும் குறைத்து, மேலே வலி மாத்திரையும் போட்டால், எந்தக் கிட்னியைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அதற்கே ரத்த ஓட்டம் குறையும். சர்க்கரைக்காரருக்கு இந்தக் கூட்டு நல்லதே இல்லை. இருதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, ‘ஒரு நாளைக்கு இவ்வளவுதான்’ என்று மருத்துவர் அளந்து சொன்னவர்கள்தான் தண்ணீரைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கடையில் அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்பதும் ஒரு காரணமோ என்று நினைக்கிறேன். ஜவுளிக்கடைப் பெண்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். லேசிக்ஸை மருத்துவர் எழுதித் தரவில்லை என்பதால், இந்த வாரத்திலேயே ஒருவரைப் பார்த்து, பி.பி.யும் ரத்த உப்புகளும் பார்த்து, அதை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வாழைத்தண்டுச் சாறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பொரியலாகவோ கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். தினமும் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேண்டாம்; அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெளிவாகும்வரை பொறுங்கள்.

0.9 சொல்லாத விஷயம்

கிரியாட்டினின் நார்மல் என்பது நல்ல செய்திதான். ஆனால் அது பாதிக் கதை. சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்பு முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தத்தில் இல்லை, சிறுநீரில். வடிகட்டி பழுதாகும்போது ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கும்; அப்போது கிரியாட்டினின் அழகாக 0.9 என்றே இருக்கும். ஒழுக்கு ரொம்ப அதிகமாகி, ரத்தத்தில் ஆல்புமின் குறைந்த பிறகு உடம்பு வீங்கும். அந்த வீக்கத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: காலையில் எழும்போது கண்ணிமை, முகம் உப்பியிருக்கும், சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கும். உங்கள் கடிதத்தில் இவை இல்லை.

ஆனாலும் பரிசோதனை செய்யாமல் விட முடியாது. காலை முதல் சிறுநீரைக் கொடுத்து ‘ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்’ பாருங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை என்றால் ஆரம்பநிலை. அப்போதே பிடித்துவிட்டால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சர்க்கரை உள்ள எல்லோரும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டிய பரிசோதனை இது. எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆரம்பநிலை ஒழுக்கால் மட்டும் கால் இந்த அளவுக்கு வீங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே முடிவு 80 என்று வந்தால் ‘கால் வீங்கியது இதனால்தான், எல்லாம் முடிந்தது’ என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி. சர்க்கரையும் பி.பி.யும் குடும்பத்தில் ஓடும், சிறுநீரகப் பாதிப்புக்கான சாய்வும் ஓரளவு ஓடும். உங்களுக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும் என்பதே அதன் பொருள். அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தே தீரும் என்று எந்த மருத்துவமும் சொல்லாது.

இருதயம், ஈரல், தைராய்டு

இவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இருதயம் பலவீனமானால் கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும், தலையணை ஒன்று இரண்டாகும், நடுராத்திரியில் எழுந்து உட்காரத் தோன்றும். நீங்கள் மூன்றாவது மாடிக்குப் படியேறி ஸ்டாக் எடுத்து வருவதாக எழுதியிருப்பதால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. என்றாலும் உங்கள் வயதுக்கும் நோய்களுக்கும் ஒரு ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ என்ற இருதய ஸ்கேன். ஈரல் சுருங்கினால் பெரும்பாலும் வயிற்றில் நீர் கோத்து வயிறு பெருக்கும். ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் கால் வீங்கும்.

தைராய்டைத் தள்ளிவிட வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வயதில் சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுவது, எடை கூடுவது எல்லாவற்றையும் ‘வயசு’ என்று விட்டுவிடுகிறோம். கடையில் மற்றவர்கள் ஃபேனுக்கு அடியில் நிற்க நீங்கள் மட்டும் குளிருது என்று ஒதுங்குகிறீர்களா? தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒரு சோதனையும் உண்டு: கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின்மீது கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் வீக்கம். தைராய்டு குறைவில் தோலே தடிப்பதால் அப்படிப் பள்ளம் விழாது. இரண்டும் கலந்தும் வரும், ஆகவே விரலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

விரல்கள் தனிக் கதை

அம்லோடிபின் பெரும்பாலும் காலைத்தான் பிடிக்கும். ஆகவே கை வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கிறதா என்று தேட வேண்டும். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் தங்கவைக்கும் உப்பு ஒரு காரணம்; காலில் நின்ற நீர் படுத்ததும் மேலே வந்து காலையில் விரலில் தெரியும். ஆனால் வீங்குவது புறங்கை முழுவதுமா, விரல் கணுக்கள் மட்டுமா? இதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கி, தொட்டால் வலித்து, எழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் விரல் மடங்க மறுத்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உங்கள் ‘மூட்டுவலி’யும் அதன் பகுதியாக இருக்கலாம், செட் மாத்திரை அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் ராத்திரியில் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைப் பார்க்க வேண்டும். சர்க்கரையிலும் தைராய்டு குறைவிலும் அது சகஜம்.

மோதிரத்தை இன்றைக்கே சோப்புத் தடவிக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் ஆசாரியிடம் வெட்டி எடுங்கள், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், மெட்டி. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வீங்கிய விரலை மெட்டி அறுப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. புண்ணாகி வாடை வந்த பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் தீரும்வரை மெட்டியும் கொலுசும் பெட்டியில் இருக்கட்டும். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது

ஒரே காலில் மட்டும் திடீர் வீக்கம், கெண்டைச் சதையில் வலி, சூடு என்றால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. அதனோடு மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குவதும் அவசரம்தான். காய்ச்சலோடு கால் சிவந்து தகித்தால் தோலுக்கடியில் கிருமித்தொற்று. சர்க்கரைக்காரர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் மிகவும் குறைந்துபோவது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, இவையும் காத்திருக்காது. வீட்டில் பிள்ளைதாச்சிப் பெண் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வரி: கை, முகம் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் உடனே பி.பி. பார்க்க வேண்டும்.

வேலையை விடவா?

வேண்டாம். சம்பளம் நின்றால் மாத்திரையும் நிற்கும், அதை நான் பலரிடம் பார்க்கிறேன். ஆனால் நிற்கும் விதத்தை மாற்றியாக வேண்டும். கெண்டைக்கால் சதைதான் காலில் உள்ள ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது. கவுன்டருக்குப் பின்னால் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், நாலடி நடங்கள். வீட்டுக்குப் போனதும் இருதயத்தைவிட உயரமாகக் காலை வைத்து அரை மணி நேரம் படுங்கள். முழங்காலுக்குப் பின்னால் சிரை சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிந்தால் டாப்ளர் ஸ்கேன் பார்த்து அதற்குத் தனி வைத்தியம் செய்யலாம். இறுக்கமான காலுறை உதவும். ஆனால் சர்க்கரை இருப்பதால் பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்த பிறகே போட வேண்டும்.

சாப்பாட்டில் உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மதியக் கட்டுச்சோற்றோடு வரும் மோர் மிளகாய் எல்லாம் இதில் சேரும். இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அப்புறம், கடையில் உட்கார்ந்தால் மேனேஜர் திட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க நேராமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. ஜவுளிக்கடை ஊழியர்களை நினைத்தே பெரும்பாலும் பேசப்பட்ட சட்டம் இது. நேரடியாகச் சட்டம் பேசத் தயக்கமாக இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ‘இடையிடையே உட்கார வேண்டும்’ என்று ஒரு சீட்டு எழுதி வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள். தனியாகக் கேட்பதைவிட, உங்களைப் போலவே கால் வீங்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்பது எளிது. அதற்கும் ஸ்டூல் வரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.